புகை போட்டவரும் மெமோ வாங்கியவரும்

பூங்கோதையக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டது அவர் மகள் கயல்விழி. "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பஸ் வந்து நின்றது. "ஏறுங்கம்மா, ஏறுங்க, நின்னு யோசிக்கிறீங்க" என்று கண்டக்டர் கத்திவிட்டு விசில் ஊதிக்கொண்டு போனார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், என் மனதில் முதலில் எழுந்த வார்த்தை, "பாவி, தப்பிச்சுட்டானே!" என்பதுதான்.

தப்பித்த ஆள் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அக்காவின் நினைவு மலரில் அவருக்கும் ஓர் இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அன்று அவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகர். இன்று பொறுப்புப் பதிவாளர். அக்கா அவருக்குக் கீழே துணை நூலகர். அவர் செய்த தவறுக்கு மெமோ வாங்கியவர் அக்கா. அதற்குப் பிறகு அக்கா இந்த உலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்குப் பதவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாங்க. அன்னைக்கு அங்க நின்ன அதே சனங்க முன்னாடி, அவரு வாயால, 'சாம்பிராணி போட்டது நாந்தான்'னு ஒருவாட்டி சொல்லோணும். அவ்வளவுதானுங்க." அது நடக்காமலே அக்கா போய்விட்டார் என்பதுதான் அன்று பஸ் ஸ்டாப்பில் எனக்கு அந்த வார்த்தை வந்ததற்குக் காரணம்.

இந்த மலரைக் கொண்டுவரும் நூலகர் வட்ட நண்பர், "நல்லதை மட்டும் எழுதுங்க மேடம், போனவங்களைப் பத்தி எழுதுறப்போ கசப்பு வேண்டாமே" என்றார். நல்லதை மட்டுமே எழுதுகிறேன். அக்காவிடம் இருந்த நல்லவற்றில் ஆக நல்லது அவருடைய கோபம்.

அக்கா திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து, கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நான் கெங்கவல்லிக்காரி. என் பேச்சில் 'ங்க' குறைவு என்று நூலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க ஜெயந்தி, உங்க ஊர்ல மரியாதைய எல்லாம் பஸ்ல ஏத்தி விட்டுட்டீங்களா, இல்ல மொதல்ல இருந்தே இல்லீங்களா?" என்பார். நானும் விட மாட்டேன். "எங்க ஊர்ல மரியாதை மனசுல இருக்கும்க்கா, உங்க ஊர்ல வாயில மட்டும்" என்பேன். அடிக்க வருவது போலக் கையை ஓங்குவார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் கவளத்துக்குரிய பொரியலை என் தட்டில்தான் வைப்பார்.

நூலகத்துக்கு ஸ்மார்ட் கருவிகள் வந்த கதையை வெளியே வேறு மாதிரி சொல்கிறார்கள். வயதான நூலகர்கள் எல்லாம் மிரண்டுபோய் நின்றதாகவும், அந்த ஆள் ஒருவர்தான் துணிந்து எல்லாவற்றையும் மாற்றியதாகவும் சொல்கிறார்கள். சுத்தப் பொய். ஒவ்வொரு புத்தகத்திலும் டேக் ஒட்ட வேண்டும், வாசலில் அதைப் படிக்கிற கேட் வைக்க வேண்டும், மாணவர்கள் தாங்களே புத்தகம் எடுத்துக்கொள்ள மெஷின் வேண்டும், எந்த மேஜை காலி என்பது போனில் தெரிய வேண்டும் என்று வருஷக்கணக்காகக் குழுக் கூட்டங்களில் தொண்டை வறளக் கேட்டவர் அக்கா. டேக் ஒட்டுகிற வேலை நடந்தபோது ஒப்பந்தப் பெண்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒட்டினார். ஒட்டி முடித்த புத்தகத்தை மெஷின் மேல் வைத்து, திரையில் அதன் பெயர் வந்ததும், "பேரச் சொல்லுது பாருங்க சாமி!" என்று அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அந்த ஆள் தன் அறையில் ஏசி போட்டுக்கொண்டு இருந்தார்.

வாசிப்பு அறை விளக்குகள் ஒரு கூத்து. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். மின்சாரம் மிச்சமாகும் என்று கம்பெனிக்காரர்கள் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாளே பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையாகவே ஆழ்ந்து படிக்கிற பிள்ளை தலைக்கு மேல்தான் விளக்கு முதலில் அணைந்தது. விளக்கு வேண்டுமென்றால் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். அறை முழுக்க பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் மாதிரி கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர், இதுதான் விதிப்படியான அமைப்பு என்றார். அக்கா அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் தடிமனான ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "படிங்க தம்பி. அசையாமப் படிங்க" என்றார். விளக்கு அணைந்தது. "படிக்கறவன் அசைய மாட்டானுங்க. அசையறவன் படிக்க மாட்டான். உங்க சென்சார் யாருக்கு வெளக்குப் போடுதுன்னு நீங்களே பாத்துக்கங்க" என்றார் அக்கா. மறுநாள் மாற்றிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு மெஷின் என்றால் பயமும் கிடையாது, பக்தியும் கிடையாது. வேலைக்கு வந்த ஆளை வேலை வாங்குவது போல அதை வேலை வாங்கினார்.

வாசல் கேட் வைத்த புதிதில் ஒரு துறைத்தலைவர் பையோடு வெளியே போனார். கேட் கத்தியது. அவர் திரும்பி நின்று எங்கள் எல்லோரையும் திட்டினார். தான் யார் தெரியுமா, எத்தனை வருஷமாக இங்கே வருகிறேன் தெரியுமா என்றெல்லாம் கேட்டார். "உங்க மெஷினுக்கு ஆள் தெரியாதா?" என்று கடைசியாகக் கேட்டார். அக்கா கைகட்டி, மிகப் பணிவாக, "ஆமாங்க சார், தெரியாதுங்க. அதுக்காகத்தானுங்க வாங்குனோம்" என்றார். பையிலிருந்து பதிவு செய்யாத புத்தகம் ஒன்று வந்தது. அந்த மனிதர் பிறகு நூலகம் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். அக்காவுக்கு அதில் துளி வருத்தம் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அதை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இந்தச் சேலம், நாமக்கல் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்குச் செய்வதைத்தான் தறிக்கும் செய்வோம், தறிக்குச் செய்வதைத்தான் தட்டச்சு மெஷினுக்கும் செய்வோம். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, சாம்பிராணி காட்டினால்தான் அந்த வருஷம் ஓடும் என்று நமக்கு மனசு ஆறும். நூலகத்திலும் வருஷா வருஷம் உண்டு. அக்கா சாமி இல்லை என்கிற ஆள் கிடையாது. கேட்டுக்கும் மெஷினுக்கும் சந்தனம் வைத்தவரே அவர்தான். வைக்கும்போது மட்டும் பார்த்து வைப்பார். "கண்ணு மேல பூசிடாதீங்க ஜெயந்தி, அப்பறம் அது எப்படிப் பாக்கும்?" என்பார்.

அந்த வருஷம் ஆய்வேட்டு அறையில் புதிதாகப் புகை சென்சார் வைத்திருந்தார்கள். புகை வந்தால் அது தானாகத் தகவல் அனுப்பும். அனுப்பியதும் கூரையிலிருக்கும் குழாய்கள் தண்ணீரைத் திறந்துவிடும். காகிதத்தின் மேல் தண்ணீரா என்று அக்கா சண்டை போட்டார். குழுவுக்குத் தலைவர் அந்த ஆள். அவர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். தோற்றுப்போன பிறகு அக்கா புலம்பவில்லை. இருப்பதை ஒழுங்காகக் காப்பாற்றுவோம் என்றார். பூஜைக்கு முன்பே எல்லோரையும் கூப்பிட்டு, "படையல் வெளிய போர்டிகோவுலங்க. சாம்பிராணியும் அங்கியே. உள்ள ஒரு ஊதுபத்தி கூட வரக்கூடாது. சென்சாரை நிறுத்தறதுன்னா கம்பெனியில சொல்லி அவங்கதான் நிறுத்தோணும், லீவு நாளு, அங்க ஆள் கிடையாது" என்று சொன்னார். அங்கே நின்ற எல்லோரும் தலையாட்டினீர்கள்.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. அப்போது அந்த ஆள் ஒரு சிறப்பு விருந்தினரையும் போட்டோ எடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெளியே எடுத்த படத்தில் நூலகமே தெரியவில்லை, உள்ளே எடுக்கலாம் என்றார் போட்டோக்காரர். ஆய்வேட்டு அறையில் அடுக்குகளுக்கு நடுவே, புது மெஷினுக்குப் பக்கத்தில், கையில் தூபக்காலோடு நின்றால் அருமையாக வரும் என்று அந்த ஆளுக்குத் தோன்றிவிட்டது. தூபக்காலை எடுத்துவிட்டார். அக்கா வாசலில் மறித்து நின்றார்.

"சார், உள்ள வேண்டாங்க. புகை பட்டா தண்ணி தொறந்துரும்."

"என்னம்மா நீங்க! எங்க மாமன் ஊட்டுல போர் போடற ரிக் வண்டிக்கே கண்ணு தெரியாத அளவுக்குப் புகை போடறோம். அது ஓடலியா? இந்தச் சின்ன மெஷினுக்கு ஆகாதா?"

"ரிக் வண்டிக்குத் தலைக்கு மேல தண்ணிக் கொழாய் இல்லீங்க சார்."

அவர் கையை அக்கா பிடித்தார். நான் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே உதறிவிட்டு உள்ளே போனார். போனது மட்டுமா, போட்டோவில் புகை தெரிய வேண்டும் என்று இன்னும் இரண்டு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டார். நன்றாகத்தான் புகைந்தது. முதலில் அலாரம் அடித்தது. விருந்தினர் அதை ஏதோ மங்கல ஒலி என்று நினைத்துக் கும்பிட்டார். அப்புறம் மழை.

ஆய்வேடுகள் எல்லாம் ஒற்றைப் படிகள். பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில், கையில் காசில்லாத பிள்ளைகள் தட்டச்சுக்குக் கொடுத்து, பைண்டிங் போட்டு, கும்பிட்டு வைத்துவிட்டுப் போனவை. அந்த ஆள் விருந்தினரைக் குடைபிடிக்காத குறையாக வெளியே கூட்டிப்போய், காரில் ஏற்றி, சாப்பாட்டுக்குப் போய்விட்டார். தண்ணீரை நிறுத்தியவர் அக்கா. சேலை சொட்டச் சொட்ட ஏடுகளை மார்போடு அணைத்து வெளியே கொண்டுவந்தார். கூடைப்பந்து மைதானத்தில் விரித்தோம். இரவல் வாங்கிய மின்விசிறிகளை வைத்தோம். ஒவ்வொரு தாளுக்கும் நடுவே உறிஞ்சு தாள் வைத்தோம். மை கரைந்துபோன பக்கங்களைப் பார்த்து அக்கா திட்டிக்கொண்டே இருந்தார், அழவில்லை. நான்தான் அழுதேன். "அழுதா இன்னும் ஈரமாகும், அந்தாண்ட போய் அழுங்க" என்று என்னை விரட்டினார். அந்த விடுமுறை முழுக்க எங்கள் வீடுகளில் பூஜை இல்லை, பலகாரம் இல்லை. பாதிக்கு மேல் காப்பாற்றினோம். மீதி போயிற்று.

விடுமுறை முடிந்து வந்தால் அக்காவின் மேஜையில் மெமோ. சென்சார் பொறுப்பு அலுவலர் என்ற முறையில் பூஜையின்போது அதை நிறுத்திவைக்கத் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கையெழுத்து அந்த ஆளுடையது. அக்கா இரண்டு முறை படித்தார். "மெஷின் சரியா வேலை செஞ்சதுக்கு எனக்கு மெமோங்களா?" என்றார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத நான் விடறதா இல்லீங்க ஜெயந்தி."

விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி முன்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தீர்கள். தூபக்காலை உள்ளே கொண்டுபோனது யார் என்று கேட்டார்கள். "கவனிக்கலைங்க" என்றார் ஒருவர். "பொரி கட்டிக்கிட்டு இருந்தேனுங்க" என்றார் இன்னொருவர். "அன்னைக்கு நான் கண்ணாடி போடலைங்க" என்றுகூட ஒருவர் சொன்னார். நான் பார்த்ததைச் சொன்னேன். "நீங்க அந்தம்மாவுக்கு வேண்டியவங்கதானே?" என்று கேட்டார் அதிகாரி. ஆமாம் என்றேன். அதோடு என் சாட்சி முடிந்தது. இந்த மலரை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அன்று அந்தப் போர்டிகோவில் நின்றவர்கள். நினைவு வைத்திருக்கிறேன். எனக்கு நினைவாற்றல் அதிகம் என்று அக்காவே சொல்வார்.

அக்காவை நூலகத்திலிருந்து தூக்கி, விடைத்தாள் கட்டுகள் கிடக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் கேட்டு வாங்கிய மெஷின்கள் ஒரு கட்டடத்தில், அவர் இன்னொரு கட்டடத்தில். பதவி உயர்வுக்கு வந்த கோப்பு மெமோவைக் காட்டித் திரும்பிப் போயிற்று. அந்த ஆளோ எங்கெங்கோ கருத்தரங்குகளில் ஸ்மார்ட் நூலகம் பற்றிப் பேசினார். சிறந்த நூலகர் என்று பொன்னாடை வாங்கினார். பேச்சில் விளக்குகள் கதையைக் கூடச் சொன்னார். பொறியாளரை நாற்காலியில் உட்காரவைத்தது தானாம்! அதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா கிடங்கிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டு, "நாற்காலியையும் எடுத்துக்கிட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நோய் வந்த பிறகு வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. மன்னிச்சிடுங்க மேடம், மனசுல வச்சுக்காதீங்க, உடம்புக்கு ஆகாது. அக்கா கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்பார். ஒருநாள் ஒருவர் ரொம்பவும் வற்புறுத்தினார். "மன்னிக்கறதுக்கு அவரு மொதல்ல வந்து கேக்கோணுமுங்க. கேக்காத ஆளுக்கு எதை எடுத்துக் குடுக்கறது? ஊடு தேடிப் போயி ஜன்னல் வழியாவா போட்டுட்டு வரமுடியும்?" என்றார் அக்கா. வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கடைசியாக நான் பார்த்தபோது பேச்சு மெலிந்திருந்தது. "வாரேன்க்கா" என்று எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னாருங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாவுக்கு அந்த ஆள் வரவில்லை. டிரைவரிடம் பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். கயல்விழி வாசலில் வந்து நின்று, "எடுத்துட்டுப் போயிருங்கண்ணா. உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல" என்றாள். டிரைவர் அதை வண்டியில் வைத்துக்கொண்டு போனார். தாய்க்கேற்ற மகள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்துப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து உதவியாளர் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்தில் இரங்கல் கூட்டமாம், சார் தலைமையாம். "சாருக்கு ஒரு பக்கம் உரை எழுதிக் குடுங்க மேடம். பூங்கோதை மேடத்தைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். உருக்கமா இருக்கணும்னு சார் சொன்னாரு." இந்த வளாகத்தில் அதிகாரிகள் மேடையில் பேசுகிற நல்ல தமிழ் எதுவானாலும் அது நான் எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். நூலகத்தில் வேலை என்பது அதையும் சேர்த்துத்தான். அந்த ஆளுக்கு மட்டும் எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றைக்கூட அவர் மேடை ஏறுவதற்கு முன்னால் படித்ததில்லை. மேடையில் வைத்துப் பிரித்து, தலையைத் தூக்காமல், ராகம் போட்டு வாசித்துவிட்டு இறங்குவார். ஒரு விழாவில், 'இங்கே கைதட்டலுக்குச் சற்று நிறுத்தவும்' என்று நான் ஓரத்தில் குறித்து வைத்ததையும் சேர்த்து வாசித்தார். கூட்டம் கைதட்டியது. அவருக்கு ஏன் என்று கடைசி வரை விளங்கவில்லை.

கூப்பிட்டவரிடம், "கட்டாயம் எழுதித் தரேன்" என்றேன். உட்கார்ந்து எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. கொட்டை எழுத்தில், அவர் கண்ணுக்கு உறுத்தாத மாதிரி, அவருக்குப் பிடித்த பாணியில் அடுக்கி அடுக்கி எழுதி, உறையில் போட்டு, ஒட்டாமல் கொடுத்தேன். படித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தால் படித்திருக்கலாம். அக்காவுக்காக அரை நிமிஷம் ஒதுக்கியிருந்தால் அந்த ஆள் பிழைத்திருப்பார்.

கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தீர்கள். அக்காவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முதல் வரிசையில் கயல்விழி. நான் பின்னால் தூணுக்குப் பக்கத்தில். அந்த ஆள் மைக்கைப் பிடித்து, உறையிலிருந்து தாளை எடுத்து, இருமிவிட்டு ஆரம்பித்தார்.

"நூல்களின் தாயாகவும், மாணவர்களின் தோழியாகவும், நவீனத் தொழில்நுட்பத்தை இந்த வளாகத்துக்குக் கைபிடித்து அழைத்து வந்த முன்னோடியாகவும் விளங்கிய அம்மையார் அவர்கள், ஆயுத பூஜைத் திருநாளில், ஆய்வேட்டு அறைக்குள் சாம்பிராணி வேண்டாம் என்று என் கையைப் பற்றித் தடுத்தும், அதைச் சற்றும் கேளாமல், தூபக்காலை உள்ளே எடுத்துச் சென்று, கிடைத்தற்கரிய ஏடுகளை நனைத்து அழித்தவன் நானே! அப்பழியை அவர் தலையில் சுமத்தியவனும் நானே!"

வரி முடிகிற இடத்தில் குரலை உயர்த்தி நிறுத்துவது அவர் வழக்கம். இரண்டு 'நானே'க்கும் உயர்த்தினார். அரங்கம் முழுக்க எதிரொலித்தது. இரண்டாவது எதிரொலி அவர் காதுக்கே திரும்பி வந்த பிறகுதான் தாளை உற்றுப் பார்த்தார். முகம் கறுத்தது. தாளைத் திருப்பினார், பின்பக்கம் வெற்று. என்னைத் தேடினார். நான் எழுந்து நின்றேன். ஒளிந்துகொள்ள எனக்கு அங்கே ஒன்றும் இல்லை.

"இது... இது நான் எழுதினதில்ல" என்றார் மைக்கில்.

அவராகச் சொன்ன முதல் உண்மை அதுதான். கயல்விழி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"எழுதுனது யாரோ இருக்கட்டுங்க சார். போட்டது யாருங்க?"

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சார்தாங்க போட்டாரு. நான் பாத்தேனுங்க." அன்றைக்குக் கண்ணாடி போடவில்லை என்று சொன்னவர்! அப்புறம் பொரி கட்டியவர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். "நானும் பாத்தேங்க", "நானும் இருந்தேங்க" என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த ஆள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மௌன அஞ்சலிகூடச் சொல்லாமல், பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். மௌன அஞ்சலியைக் கயல்விழிதான் சொன்னாள்.

வெளியே வந்ததும் பலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். சிலர் கண்கலங்கினீர்கள். எனக்கு உங்களோடு சேர்ந்து கலங்க முடியவில்லை, மன்னிக்கவும். அன்றைக்கு இல்லாத கண் இன்றைக்கு எங்கிருந்து வந்தது? அக்கா உயிரோடு கிடங்கில் தும்மிக்கொண்டு கிடந்தபோது இந்தக் குரல்களில் ஒன்றே ஒன்று வந்திருந்தால் போதும். அவர் காது கேட்கிற காலத்தில் கேட்டிருப்பார். படத்துக்கு முன்னால் சொன்ன சாட்சியை வைத்துக்கொண்டு படம் என்ன செய்யும்? இதை எழுதக் கூடாது என்றுதான் நண்பர் சொன்னார். எழுதாமல் இருந்தால் அக்கா என்னை விடமாட்டார்.

எனக்கு மெமோ வந்தது, எதிர்பார்த்ததுதான். பொறுப்புப் பதிவாளர் அவர்களுக்கு உண்மைக்கு மாறான உரையை எழுதிக் கொடுத்து அவமானம் ஏற்படுத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அன்றே பதில் கொடுத்தேன். 'உரையில் உண்மைக்கு மாறான வரி எது என்று ஐயா அவர்கள் தம் கைப்படக் கோடிட்டு அனுப்பினால், அதை நீக்கித் திருத்திய படியைப் பணிவுடன் தருகிறேன். அதே கூட்டத்தைக் கூட்டி மறுபடி வாசிக்கலாம்.' இதுவரை கோடிட்ட தாள் எதுவும் வரவில்லை. அக்காவின் மெமோவை நீக்கச் சொல்லிக் கயல்விழி கொடுத்த மனுவை மட்டும் அவசர அவசரமாக எடுத்து ஆட்சிக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அக்காவிடமிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்கள், தெரிகிறது. இந்த மலரில் ஒருவர் அவர் சிரிப்பை எழுதியிருக்கிறார். ஒருவர் அவர் கைச் சமையலை, ஒருவர் உழைப்பை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பங்கு வேண்டாம். அவர் கோபத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். அந்த ஆள் ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. எனக்கும் இருக்கின்றன.